தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு இரண்டாம் வகுப்போடு

தொண்ணூறுகளின் நடுவில் தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஆற்றில் போடும் குப்பை என்ன ஆகும் என்று ஒருநாள் இரண்டாம் வகுப்பில் கேட்டேன்.

"தண்ணி கொண்டு போயிரும் டீச்சர்!"

"எங்கன கொண்டு போகும்?"

யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளைகூடக் கடலைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது? பெற்றோர்களிடம் பேசி ஒரு வேன் பிடித்தேன்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வழியாக, ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். வழி முழுக்க வாழைத் தோட்டமும் வயலும்தான். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்ததால் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிட்டது.

மணல்மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. கத்திக்கொண்டே வந்த கூட்டம் அப்படியே நின்றது. சிவகாமி என்ற ஆறு வயதுப் பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அக்கரை எங்க?"

கடலுக்கு அக்கரை தேடிய அந்தக் குரலை இன்றுவரை மறக்க முடியவில்லை. எனக்குமே அப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்திலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிய ஆமை ஒன்று சிக்கியிருந்தது. ஒரு பிள்ளை படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு பெரியது. துடுப்பு மாதிரி இருந்த அதன் முன்காலில் வலை இறுகிப்போய்க் கிடந்தது.

"பைய தள்ளி நில்லுங்க பிள்ளைகளா," என்று கத்தியை எடுத்தார் வள்ளக்காரர் சந்தியாகு.

வள்ளத்தில் அவர்கூட வந்தவர் பதறினார். "அண்ணாச்சி, வலை புதுசுலா!"

சந்தியாகு ஒரு நிமிடம் வலையைப் பார்த்தார். பிறகு ஆமையைப் பார்த்தார். பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உசிருல்லா வே," என்று சொல்லிவிட்டு வலையை அறுத்தார்.

ஆனால் ஆமை நகரவில்லை. அதன் வாயோரம் ஏதோ தொங்கியது. அவர் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளியே எடுத்தார். பிளாஸ்டிக் கவர். மணலில் விரித்துப் போட்டார். சிவப்பு எழுத்து பாதி அழிந்திருந்தது. அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்த பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள்:

"கல்... லி... டைக்... கு... றிச்... சி."

அடுத்த வரியில் அப்பளம் என்று இருந்தது. சிவகாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது எங்க வீட்டுக் கவர் டீச்சர்," என்றாள் மெல்ல. அவள் அப்பா அப்பளம் போட்டு விற்பவர். யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனாலும் அழுதாள்.

அதற்குள் ஆமை துடுப்பை ஊன்றி நகர ஆரம்பித்திருந்தது. அலை வந்து தொட்டதும் அதன் பாரமெல்லாம் எங்கே போனதோ, பறவை போலத் தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. தூரத்தில் ஒருமுறை தலை தெரிந்தது. ஒரு பிள்ளையும் கை தட்டவில்லை. கோயிலுக்குள் நிற்பதுபோல நின்றார்கள்.

திங்கட்கிழமை சிவகாமியின் அப்பா பள்ளிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"வீணாப்போன கவரை வாய்க்கால்லதான் தட்டுவோம் டீச்சர். இனிமே ஒண்ணுகூடத் தட்டக் கூடாதுன்னு மக ஒத்தக்கால்ல நிக்கா. அம்புட்டுத் தூரமா போகுது? நானே இன்னும் கடலைப் பாத்ததில்லயே!"

சிறு பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை முடிந்து ஆற்றில் தண்ணீர் இருக்கும் தை, மாசியில் போங்கள். காலையிலேயே போனால்தான் வள்ளங்கள் கரைக்கு வருவதைப் பார்க்கலாம். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். சாப்பாட்டை வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பாடம் நடத்த வேண்டாம். கடலே போதும்.

முடிந்தால் அப்பா அம்மாக்களுக்கும் வேனில் இடம் போடுங்கள். அடுத்த தை மாதம் சிவகாமியின் அப்பாவும் எங்களோடு வந்தார். மணல்மேட்டில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். மகள்தான் அவர் கையைப் பிடித்துத் தண்ணீர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.