சண்முகத்தாய் அக்கா வைத்த புள்ளிகள்

சண்முகத்தாய் அக்கா இறந்துபோன செய்தியைப் போனில் முதலில் கேட்டது என் மகள் கனி. கடம்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கனி போனை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

கோவில்பட்டியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்கு வந்து போனவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். அச்சடிப்பது நான், ஃபிலிம் தயாரிப்பது அவர். அச்சாக வேண்டிய எழுத்தும் படமும் கண்ணாடி போன்ற ஃபிலிமில் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். மருந்து பூசிய துணிச்சட்டத்தில் அதை வைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து மைக்கு வழிவிடும். பெரிய வேலை என்றால் ஃபிலிம் சிவகாசியிலிருந்து வரும். சின்ன வேலைக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து எண்ணெய் தடவிக்கொள்வோம். இரண்டுக்கும் வழியில்லாதபோது அக்கா கறுப்பு மை தொட்டுக் கையாலேயே வரைந்துவிடுவார்.

அவருக்கு எல்லாமே பயம். இடி, பல்லி, போலீஸ்காரர்கள், எல்லாவற்றையும்விட எழுத்துப்பிழை. ஒரு முறை கல்யாணப் பத்திரிகை ஃபிலிமைக் கடை வாசலில் போன தபால்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். "சிரிங்க. பயப்படாதவன் படிச்சுப் பாத்த ஃபிலிமை நான் நம்ப மாட்டேன்" என்றார்.

கனிக்கு அப்போது நான்கு வயது. ஐப்பசி மழை அடித்து ஊற்றிய ஒரு சாயங்காலம், நாகலாபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு என் மனைவி முத்துலட்சுமி அவளோடு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். குடையை விரிக்கக் கையை விட்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

போலீசில் சொன்னோம். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகக் கூப்பிட்டோம். மறுநாள் காலையில், குரல் போய், கடை வாசலில் வந்து உட்கார்ந்தேன். ஊர்க் கிணறுகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. அந்த நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை.

அக்கா ஓடி வந்தார். "மைக் சத்தம் ஊருக்குள்ளதான் கேக்கும் தம்பி. பஸ்ஸு போற ஊருக்கெல்லாம் பிள்ளை முகம் போகணும். போட்டோ எடுத்துட்டு வாங்க."

காற்றில் கம்பங்கள் சாய்ந்து ஊரெங்கும் கரண்டு இல்லை. ஜெராக்ஸ் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. சிவகாசிக்கு அனுப்பிக் காத்திருக்க நேரமும் இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கனியின் பெரிய படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனேன். அக்கா அதன் மேல் ஃபிலிமை விரித்து, பேனாவால் கறுப்புப் புள்ளிகளாக வைக்கத் தொடங்கினார். நிழல் விழுந்த இடத்தில் நெருக்கமாக, வெளிச்சமான இடத்தில் இடைவெளி விட்டு.

திடீரென்று பேனா நின்றது. "வலது கன்னத்துல இருக்குதே, இது மச்சமா, திருஷ்டிப் பொட்டா?"

எனக்குத் தெரியவில்லை. தினமும் முத்தமிட்ட முகம் நினைவில் கலங்கிப் போயிருந்தது. கூட வந்திருந்த முத்துலட்சுமிதான் சொன்னாள்: "அது பொட்டு. மச்சம் இங்கன இருக்கு. ஸ்டுடியோக்காரர் அதை மறைச்சுட்டாரு." தன் இடது கன்னத்தில், காதோரம் தொட்டுக் காட்டினாள். அக்கா பொட்டை விட்டுவிட்டு மச்சத்தை வைத்தார். எழுத்தை வேறு ஃபிலிமில் எழுதினார். இரண்டையும் சேர்த்து வைக்கும்போது திரும்பத் திரும்பப் பார்த்தார். "எழுத்து இடம் வலமா பிரண்டா தெரிஞ்சிரும். முகம் பிரண்டா முகமாத்தான் இருக்கும், மச்சம்தான் கன்னம் மாறிரும்" என்றார்.

மழை விட்டிருந்தது. கரண்டு இல்லாததால் வெயிலில்தான் வெளிச்சம் காட்ட வேண்டும். முற்றத்தில் சட்டத்தை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்கா வானத்தையே பார்த்தார். பாதியில் மேகம் மறைத்தது. வெளிச்சம் போதாவிட்டால் கழுவும்போது மொத்தமும் கரைந்து போய்விடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேகம் விலகியும் அவர் சட்டத்தை எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறு" என்றார், என்னிடமா சூரியனிடமா தெரியவில்லை.

தண்ணீர் ஊற்றியதும் மருந்து கரைந்து சட்டத்தில் வழிந்தது. பிள்ளையின் முகமே கரைகிறதென்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "தம்பி, கண்ணு வந்துட்டு. பாருங்க" என்றார்.

அடித்த நோட்டீஸ்களை மை காயக் காயக் கண்டக்டர்கள் வாங்கிப் போனார்கள். வெள்ளம் வடிந்து குளத்தூருக்குப் போன முதல் பஸ்ஸிலும் ஒன்று ஒட்டியிருந்தது. அங்கே ஒரு டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அம்மா கட்டியிருந்ததுபோலவே சேலை கட்டிய யாரோ ஒருவர் பின்னால் கனி பஸ் ஏறியிருக்கிறாள். இறங்கிய இடத்தில் அழுதுகொண்டு நின்றவளை உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் வைத்துப் பார்த்துக்கொண்டது. சாலை அறுத்துக்கொண்டு போய், போனும் வேலை செய்யாததால் அவர்களால் யாருக்கும் சொல்ல முடியவில்லை.

கனியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா அவள் முகத்தை மெல்லத் திருப்பி இடது கன்னத்தைப் பார்த்தார். "சரியாத்தான் வச்சிருக்கேன்" என்றார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

சில மாதம் கழித்துக் கேட்டேன், கோடாக வரைந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று.

"கோடு எங்க போட? கை அந்த நடுக்கம் நடுங்குது. நடுங்குத கையால கோடு இழுக்க ஏலாது தம்பி. புள்ளி வைக்கலாம். ஒண்ணு வைக்கணும், கையை எடுக்கணும், அடுத்ததை வைக்கணும்."

கனி இப்போது திருநெல்வேலியில் கல்லூரிக்குப் போகிறாள். மழை நாளில் அவள் பஸ் தாமதமானால் குடையோடு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். பயம் போகவில்லை, போகும் என்று அக்காவும் சொன்னதில்லை. கடம்பூரில் அவரைக் கிடத்தியிருந்த வீட்டு வாசலில் நின்றபோதும் உள்ளே போகப் பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றினேன். கனியின் கையைப் பிடித்தேன். படி ஏறினேன். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்.