கோப்பில் இருந்த வயது

கிளினிக் முன்மேசையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: டொக்டரிடம் சொல்லாததை ஆட்கள் எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள், அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட வேண்டியது நாங்கள். நான் இருந்தது வோபர்னில், எங்கடை ஆட்கள் அகதிகளாக வந்து குடியேறிய ஒரு வெளிநாட்டு நகர்ப்பகுதி. டொக்டருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பும் என் தலையில்.

வெறுங் கதிரை

2009 வைகாசித் தொடக்கம். வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்தில். காத்திருக்கும் அறையில் ஒரேயொருவர். “மிஸ்டர் தர்மலிங்கம்” என்று மூன்று தரம் கூப்பிட்டேன். அசையவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, தனக்குப் பின்னால் இருந்த வெறுங் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான், “ஓம், ஓம், அது நான்தான்” என்றார்.

ஒரு சந்தேகம்

அவருடைய பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்: “அங்கிள், புரஸ்டேட்டுக்குப் பார்க்கிற இந்த எண் வயசு போகப் போகக் கூடும். உங்கடை எழுபத்தொரு வயசுக்கு இது பரவாயில்லை.”

சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டே, ஐம்பத்தேழு வயதுக்காரனுக்கு இதே எண் வந்தால் என்று இழுத்தார். அந்த வயதுக்கு இது அதிகம், புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனாலும் உடனே ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புவேன் என்றார் டொக்டர். அதைக் கேட்டதும் தர்மலிங்கம் எழும்பிவிட்டார். “சும்மா கேட்டனான், பிள்ளை.”

மரண அறிவித்தல்

சண்டை முடிந்து இரண்டு கிழமை. தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினால் மரண அறிவித்தலில் தர்மலிங்கம். முழுப்பெயர், ஊர், பிறந்த திகதி எல்லாம் எங்கள் கோப்பில் உள்ளபடியே. படத்திலும் அதே நெற்றி, அதே மூக்கு. வன்னியில் ஷெல் விழுந்து இறந்தாராம்.

நிமிர்ந்தால், மேசைக்கு முன்னால் அவர் நிற்கிறார். கையில் அதே பத்திரிகை. “அது என்ரை அண்ணை. அவரின்ரை பாஸ்போட்டிலதான் நான் இஞ்சை வந்தனான். எனக்கு ஐம்பத்தேழு.”

கண்ணாடி

திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் பதினைந்து வருடம் வாய் திறக்காதவர். செத்த அண்ணனின் படத்துக்கு வீட்டில் ஒரு விளக்குக்கூட வைக்கவில்லை. வருகிறவர்கள் பெயரைக் கேட்டால் தன்னுடைய பெயரைத்தானே சொல்ல வேண்டும். டொக்டர் வெளியில் சொல்லமாட்டார் என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அன்றைக்கே ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் எழுதினார். புற்றுநோய்தான். பரவ முன்னம் பிடித்துவிட்டார்கள்.

சிகிச்சை முடிந்து வந்தவரிடம் சுகம் கேட்டேன். “நான் தப்பியிட்டன், பிள்ளை. ஆனா முகம் கழுவேக்கை கண்ணாடிக்குள்ள அண்ணைதான் நிக்கிறார்.”

இப்போதெல்லாம் சுகாதார அட்டையில் வயதைப் பார்த்தாலும், ஆளின் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.