பத்தாவது மைலுக்கு நாற்று வாங்கப் போனேன்

என் வகுப்புப் பிள்ளைகள் என்னை நம்புவதை நிறுத்தியதால்தான் 1963 மார்ச்சில் இந்தப் பயணம் நேர்ந்தது. சிராங்கூன் சாலைப் பலசரக்குக் கடையில் கொத்தமல்லி வாங்கி, பள்ளிக்குப் பின்னாலிருந்த வெற்றுத் துண்டு நிலத்தில் அவர்களை விதைக்கச் சொன்னேன். தினமும் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. "டீச்சர், உள்ள நெஜமாவே வெத இருக்கா?" என்று மீனாட்சி கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

கடைக்காரர் மீதுதான் எனக்குச் சந்தேகம். போய்க் கேட்டேன். "நான் ரசத்துக்கு விக்கிறேன் டீச்சர், தோட்டத்துக்கா விக்கிறேன்?" என்றார். 

அந்தத் துண்டு நிலத்துக்குச் சிமெண்டு பூசிச் சைக்கிள் நிறுத்தத் தலைமையாசிரியருக்கு ஆசை. "அடுத்த பள்ளித் தவணையில அங்க பச்சை தெரிஞ்சா பார்க்கலாம்," என்றிருந்தார். 'பார்க்கலாம்' என்ற சொல்லை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இன்னொரு முறை முளைக்காவிட்டால் பிள்ளைகளுக்குத் தோட்டம் இல்லை. ஆகவே விதையை விட்டுவிட்டு, வேர் பிடித்த நாற்றாகவே வாங்குவது என்று காய்கறித் தோட்டங்கள் நிறைந்த புக்கிட் பாஞ்சாங்குக்குக் கிளம்பினேன்.

குவீன் ஸ்திரீட்டில் பேருந்து நிரம்பி வழிந்தது. உரிமம் இல்லாமல் ஓடும் டாக்சி ஒன்றில் ஆளுக்கு ஐம்பது காசு என்றார்கள். ஓட்டுநர் செல்லையா. மற்றவர்கள் புக்கிட் தீமா சாலையில் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். பத்தாவது மைல் தாண்டி வண்டி செம்மண் பாதையில் திரும்பியபோது நான் குடையை இறுகப் பிடித்தேன். அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

"குடைய கீழ வைங்க லா. நாத்து வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? தோட்டம் ரோட்டு மேலயா இருக்கும்?"

சீனர் தோட்டம் அது. பன்றிக் கொட்டில், ஆகாயத் தாமரை மூடிய குளம், நேர்கோடாகக் கீரைப் பாத்திகள். நாய்கள் குரைத்ததும் ஓலைத் தொப்பி அணிந்த ஒரு பெண் வெளியே வந்தாள். எல்லாரும் அவளை ஆ சோ என்கிறார்கள், அண்ணி என்று பொருள். நாற்றுக்கு விட வேண்டிய இடைவெளியைக் குறித்துக்கொள்ள நான் கொண்டுவந்திருந்த அளவு நாடாவையும் நோட்டையும் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் முகமெல்லாம் சிரிப்பாக, பால் காப்பியோடு திரும்பி வந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். ரம்புத்தான் பழமரக் கன்றுகள் சாணுக்கு ஒன்றாக நின்றன. அடிமண் இன்னும் ஈரமாக இருந்தது. ரம்புத்தானுக்கு இருபது அடிக்கு மேல் இடைவெளி வேண்டும் என்று படித்திருக்கிறேன். பிடுங்கி நட்ட, சாகப்போகிற கன்றுகளை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று முடிவு செய்தேன். உறுதிப்படுத்திக்கொள்ள நாடாவை நீட்டி ஒரு இடைவெளியை அளந்தேன். ஆ சோ உற்சாகமாகி அடுத்த வரிசையைக் காட்டினாள். இதையும் எழுது, அதையும் எழுது என்று மலாயில் அவசரப்படுத்தினாள்.

பின்னாலேயே வந்திருந்த செல்லையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டீச்சர், ஒங்கள கவர்மெண்ட் ஆளுன்னு நெனச்சிட்டா! அடுக்குமாடி கட்ட நெலம் எடுக்கறதுக்கு முன்னாடி மரத்த எண்ண வருவாங்க. மரத்துக்கு இவ்வளவுன்னு நஷ்டஈடு. இந்தப் பக்கம் பூரா இப்படித்தான் நட்டு வெச்சிருக்காங்க."

நான் சிகு, பள்ளி ஆசிரியை என்று மலாயில் விளக்கினேன். "பொஹோங்!" என்றாள். பொய்யாம். நான் பாதி குடித்திருந்த காப்பியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நிஜமாகவே ஆசிரியை என்றால் பிள்ளைகளைக் கூட்டி வா, அப்புறம் நாற்று தருகிறேன் என்று சொல்லி நாயை அவிழ்க்கப் போனாள். வெறுங்கையோடு திரும்பினேன். என் வாழ்நாளில் என்னை இவ்வளவு முழுமையாக யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதில் எனக்கு அவள் மீது ஒரு மரியாதையே வந்தது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு பேருந்தில் போனேன். ஆ சோ வேலியருகே நின்று எங்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மீனாட்சியிடம், இவள் உனக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று மலாயில் கேட்டாள்.

"செடி நட," என்று மீனாட்சியும் மலாயிலேயே சொன்னாள். "ஆனா எதுவும் மொளைக்கல."

ஆ சோ முதல்முறையாக உண்மையாகச் சிரித்தாள். கத்தரி நாற்றும் கங்கோங் கீரைத் தண்டும் பால் டின்களில் வைத்துக் கொடுத்தாள். கடைசியில் நெருக்கி நட்ட வரிசையிலிருந்து சில ரம்புத்தான் கன்றுகளையும் வேர்மண்ணோடு தோண்டித் தந்தாள். காய்க்கப் பல வருடம் ஆகுமே, அதுவரை பள்ளிக்கூடம் அந்த நிலத்தை விட்டுவைக்குமா என்று கேட்டாள். தலைமையாசிரியர் 'பார்க்கலாம்' என்றிருக்கிறார் என்றேன்.

"கவர்மெண்ட்காரங்க என்கிட்டயும் அதைத்தான் சொன்னாங்க," என்றாள் அவள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் தோட்ட வேலை கற்றுத்தர நினைத்தால், சமையல் விதையில் தொடங்காதீர்கள். கங்கோங் தண்டு சில நாளில் துளிர்த்துப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை தரும். காப்பிக் கடையில் காலி பால் டின் கேளுங்கள், அடியில் ஆணியால் துளையிட்டால் வீட்டுத் தாழ்வாரத்துக்கு அதுவே தொட்டி. சிராங்கூன் பக்கத்து மாட்டுக் கொட்டகைகளில் சாணம் சும்மா கிடைக்கும். சீனர் தோட்டங்களில் என்ன எரு போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். அளவு நாடாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது பள்ளிக்குப் பின்னால் கத்தரியும் கங்கோங்கும் பச்சையாக நிற்கின்றன. தலைமையாசிரியர் வந்து பார்த்தார், நன்றாயிருக்கிறது என்றார். சிமெண்டு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் நம்பவில்லை. அதனால் சைக்கிள் கொட்டகைக்குக் கம்பம் நடக் குறி வைத்திருந்த இடத்தில் ரம்புத்தான் கன்றுகளைச் சாணுக்கு ஒன்றாக நட்டோம். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் கட்டியிருக்கிறது. இவ்வளவு நெருக்கமாக நடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். சிமெண்டோடு வருகிறவர் முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.