பிரிக்காத பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் இருந்தவர்கள்: பிரியாணிக் கடை பாய். புடவைக் கடையில் பேக்கிங் பார்ப்பவர். ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கும் பெண். நான்.

கடை என்றால் பத்தடிக்கு எட்டடி. பழைய வீடியோ கேம் டிஸ்க் வாங்குவேன், விற்பேன், மாற்றிக் கொடுப்பேன். நான் விளையாடியதில்லை. டிஸ்க்கைத் திருப்பிப் பிடித்துக் கீறல் பார்க்கத் தெரியும். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மாற்றிக்கொள்பவர்கள் ஞாயிறு காலையில் வருவார்கள். வந்தால் மதியம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். மற்ற ஆறு நாளும் நான் அதிகம் பேசுவதில்லை. வீட்டிலும் ஆள் கிடையாது. ஞாயிறு போய்விட்டால் கடை போய்விட்டது போலத்தான்.

பாய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்.

"என்னா தலைவரே, பிரியாணின்னு சொல்லிட்டு குஸ்கா கட்டிட்ட? உள்ள பீஸே இல்லியே!"

திறந்து பார்த்தேன். டிஸ்க் இல்லை. ஒரு சீட்டு. சீட்டில் நீளமாக ஒரு நம்பர்.

"அந்த நம்பர மெஷின்ல போட்டுப் பாத்தேன். ஏற்கெனவே யாரோ போட்டுட்டாங்கன்னு சொல்லுது" என்றார்.

அது பேக்கிங்காரர் கொடுத்த பெட்டி. முந்தின ஞாயிறு அவரிடம் வாங்கி, அன்றைக்கே பாய்க்கு மாற்றிக் கொடுத்தேன். மேலே பிளாஸ்டிக் உறை சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. பிரிக்காத பெட்டி என்று நினைத்தேன். நானும் முன்பு புடவைக் கடையில் இருந்தவன். உறை போட்ட பட்டுப் புடவையைப் பிரித்தால் மடிப்பு கலையும், மடிப்பு கலைந்தால் விலை குறையும். அந்தக் கை, பிரித்துப் பார்க்கவில்லை.

பேக்கிங்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் ஏமாத்தலண்ணா. ஆடி முடிச்சிட்டு எங்க கடை மிஷின்ல உறை போட்டேன். சும்மா குடுத்தா நல்லா இருக்காதேன்னு. அந்த நம்பர அடுத்தவங்களும் போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

"தெரியும்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "அந்த நம்பர ஒருவாட்டிதாண்ணா போட முடியும். கம்பெனிக்காரனே வேணும்னுதான் அப்படிப் பண்றான். ஒரே டிஸ்க்க இந்தக் கடைல ஏழு பேருக்கு விக்கறீங்க. அவனுக்கு மொத ஆள் குடுத்த காசு மட்டும்தான். மீதி ஆறு பேரு ஆடறது அவனுக்கு வயித்தெரிச்சல்."

பாய் விடவில்லை. "ஏம்மா, இந்த ஊர்ல பழைய பட்டுப் பொடவைய ஜரிகைக்குப் போட்டுட்டுதானே புதுப் பொடவை எடுக்கறாங்க? அதுக்கு எந்த மொதலாளியாவது அழுவறானா? நானும் பழசத் தள்ளிட்டுதான் புதுசு வாங்கறேன். மாத்த முடியாதுன்னா நாலாயிரம் குடுத்து வாங்க நான் என்னா ஜமீனா?"

"நீங்க புதுசு வாங்கினது பழசு வித்த காசுலன்னு அவனுக்கு எப்டி பாய் தெரியும்? அண்ணா கடை மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரியுது."

நான் பாய்க்கு வேறு டிஸ்க் எடுத்துக் கொடுத்தேன். "வுடுப்பா, குஸ்காவும் சோறுதான்" என்று பாய் பேக்கிங்காரரின் தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தோம். பேக்கிங்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவர் வேலை செய்யும் கடை இரண்டு தெரு தள்ளி. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. போகவில்லை.

பாய் புது கேம் மெஷின் வாங்கினார். "டிஸ்க் போட வாயே இல்ல தலைவரே" என்று போனில் படம் காட்டினார். எல்லாம் நெட்டில் இறங்குகிறதாம். அதன் பிறகும் இரண்டு ஞாயிறு வந்தார். மாற்ற ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டுப் போனார். ஞாயிறு அவருக்கு வியாபார நாள். எத்தனை நாள் சும்மா வர முடியும்?

அந்தப் பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொண்டு போக வந்தாள். பழைய டிஸ்க்கை மொத்தமாக எடுப்பவர் ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்தாள். "வச்சிக்கினு இருந்தா வெலை எறங்கினே போவும்ணா" என்றாள்.

ஒரு மாதம் அந்த நம்பரைத் தொடவில்லை. நாலு ஞாயிறும் கடை திறந்தேன். யாரும் வரவில்லை. பிறகு பேசினேன்.

"நெட்டு இல்லாம தானா ஓடற டிஸ்க் மட்டும் எடுத்துக்கறேன். ஒண்ணொண்ணா போட்டுப் பாத்து எண்ணி வைங்க" என்றார் அவர்.

அலமாரியில் முந்நூறுக்கு மேல் இருந்தன. கடையில் கிடந்த பழைய மெஷினை டிவியில் மாட்டினேன். பகலெல்லாம் அதே வேலை. சில டிஸ்க் உள்ளே போனதும் நெட் கேட்டது. சில நம்பர் கேட்டது. சிலவற்றில் சர்வரை மூடிவிட்டோம் என்று ஆங்கிலத்தில் வந்தது. அந்த வரியை முதல் தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு பார்த்தவுடன் தெரிந்தது. டிஸ்க்கில் ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் ஓடாது.

ஒன்று ஓடியது. திரையில் ஒரு பெரிய ஊர். நடுத்தெருவில் ஒருவன் நின்றான். நான் பட்டனைத் தொடவில்லை. அவன் நகரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு டிஸ்க்கை எடுத்து ஓடுகிற பக்கம் வைத்தேன்.

ஆறு நாள் ஆனது. ஞாயிறு காலை அவரே போன் செய்தார்.

"எண்ணியாச்சா?"

"ஆச்சு."

"எத்தினி ஓடுது?"

நூற்றுப் பதினேழு.