கண்மாய் நடுவில் நின்ற மோட்டார்

1979 ஐப்பசியில் எங்கள் கண்மாய் நிறைந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம்வரை கண்மாயைச் சுற்றிய பாதையில் சைக்கிளில் போய்வந்த என் மனைவி, தீபாவளி கழிந்த திங்கட்கிழமை பாதையே தண்ணீருக்குள் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அக்கரையில் இருந்த மிஷன் தொடக்கப் பள்ளிக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை. ரோடு வழியாகச் சுற்றிப் போவதென்றால் பரவைக்குப் போய், பஸ் மாறி, நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி நடக்க வேண்டும். போய்ச் சேர மதியமாகிவிடும். முந்தின வருட மழைக்கே பள்ளி பூட்டிக் கிடந்தது. இந்த மழைக்கும் பூட்டினால் பள்ளியையே எடுத்துவிடுவோம் என்று பாதிரியார் சொல்லியிருந்தார்.

மீன் குத்தகைக்காரர் தம் பழைய மரப்படகைக் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் படகுகளுக்கு ஒரு கேடு உண்டு. வருடத்தில் பாதி, வெடித்த கண்மாய்த் தரையில் வெயில் காய்ந்து கிடக்கும். பலகை சுருங்கி இணைப்புகள் வாய் பிளக்கும். தார் பூசினோம், தகரம் வைத்து ஆணி அடித்தோம். கசிவு நிற்கவில்லை. நான் துடுப்புப் போட, அவள் தூக்குச்சட்டி மூடியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும்; புடவை கட்டிய ஒருத்தியை இழுத்துக்கொண்டு நீந்தத் தெரியுமா என்பது வேறு.

கடல் படகுகளில் அடியில் தண்ணீர் சேர்ந்தால் தானே ஓடி, வடிந்ததும் தானே நிற்கும் பம்ப் இருப்பதாக நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் போனேன். பழைய கப்பல் சாமான் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கையால் அடிக்கும் பம்ப், இரும்பு மாதிரி உறுதி. ஆனால் அடிக்க ஓர் ஆள் வேண்டும். மூடிக்குப் பதில் கைப்பிடி என்றுதான் ஆகும். மற்றது கார் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். அதன் தானியங்கி ஸ்விட்ச் மட்டும் உடைந்திருந்தது. "மிதவை ஸ்விட்ச் உங்க மதுரையிலயே கிடைக்கும் சார்" என்றார் கடைக்காரர். மோட்டாரை எடுத்துக்கொண்டேன். மதுரை டவுன் ஹால் ரோட்டில் மிதவை ஸ்விட்சும் கிடைத்தது.

பொருத்தியவர் என் மனைவியின் அண்ணன். பரவையில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். "எம்புட்டுக் கிணத்து மோட்டார் கட்டியிருக்கேன் மாப்ள, இந்தக் கைப்பிள்ள என்ன பண்ணிரும்?" என்று படகுக்குள் இறங்கினார். பேட்டரியைப் பலகையில் கட்டி, மோட்டாரையும் மிதவையையும் மிதிபலகைக்கு அடியில் திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். மோட்டார் இரைந்து குழாய் வழியே வெளியே துப்பியது. மிதவையை விரலால் தூக்கிக் காட்டினார். மோட்டார் நின்றது.

"பாத்தியாத்தா, தானா நிக்குது!"

கரையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் விரலை எடுத்ததும் மறுபடி ஓடியது.

"தண்ணி வடிஞ்ச பெறகும் ஓடுதேண்ணே?" என்றாள் மனைவி.

"பலகைச் சந்துல ஈரம் இருக்கும்ல, உறிஞ்சிட்டு அடங்கும். டீச்சரு பாடத்த மட்டும் பாரு."

மறுநாள் காலை புறப்பட்டோம். அவள் காலடியில் மோட்டார் இரைந்துகொண்டே வந்தது. மூடிக்கு வேலையில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நடுக் கண்மாயில் வாடைக்காற்று பிடித்தது. அலை பக்கவாட்டில் அறைந்தது. தகரம் எங்கோ 'டப்'பென்றது. சற்று நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டது.

"அப்பாடா, வடிஞ்சிருச்சு போல" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிய அமைதி அது. மோட்டார் நின்றால் வேலை முடிந்தது என்றுதான் பொருள். ஆனால் துடுப்பு இழுக்க மறுத்தது. படகு கல் கட்டியதுபோல் நகர்ந்தது.

"என்னங்க, காலு நனையுது."

மிதிபலகையைத் தூக்கினேன். அடியெல்லாம் தண்ணீர். மிதவை அதன்மேல் சுகமாக மிதந்தது. அப்போதுதான் புரிந்தது. நாங்கள் வாங்கியது மாடித் தொட்டிக்கு வைக்கும் ஸ்விட்ச். தொட்டி காலியானால் ஓட்டும், நிறைந்தால் நிறுத்தும். எங்கள் படகு நிறைந்துவிட்டது, இனித் தண்ணீர் போதும் என்று அது தன் வேலையை முடித்திருந்தது.

மிதவையைக் கையால் அமுக்கினேன். மோட்டார் உயிர் பிடித்தது. கையை எடுத்ததும் நின்றது. தூக்குச்சட்டியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அலையில் சரிந்து விழுந்தது. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு அமுக்கிக்கொண்டேன்.

"துடுப்ப எடு."

"எனக்குத் தெரியாதுங்க."

"எடு!"

எடுத்தாள். படகு வட்டமடித்தது.

"ஒரே பக்கமாப் போடாத, மாத்தி மாத்திப் போடு."

"கத்தாதீங்க. போடுறேன்ல."

படுத்திருந்த எனக்கு அவள் பாதங்களும் தண்ணீரும்தான் தெரிந்தன. தண்ணீர் என் கைக்கடிகார வாரைத் தொட்டபடி நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை. மோட்டாரின் குரல் கொஞ்சம் கம்மியதுபோல் இருந்தது.

"கரை எம்புட்டுத் தூரம்?"

"கேக்காதீங்க."

துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் வரவர ஒரே தாளத்துக்கு வந்தது. பிறகு படகின் மூக்கில் ஏதோ உரசியது. "கருவேல முள்ளு தெரியுது" என்றாள். முங்கிய கருவேல மரங்கள் தலைகாட்டினால் தண்ணீர் இடுப்பளவுதான். பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். நான் படகைக் கரையேற்றும்போது பள்ளியில் தண்டவாளத் துண்டு மணி அடித்தது.

பகலெல்லாம் தகரத்தைத் திரும்ப அடித்துத் தார் பூசினேன். ஸ்விட்சைக் கழற்றித் தலைகீழாகப் பொருத்தினேன். சாயங்காலம் அவள் கரையிலேயே நின்றாள்.

"வெறும் படகுல ஓடுதா?"

"இல்ல."

"அப்பத் தண்ணி ஊத்துங்க."

ஒரு வாளி ஊற்றினேன். சத்தமில்லை. இன்னொன்று. அவள் அசையவில்லை. அதற்கடுத்த வாளியில் மிதவை எழும்பியது; மோட்டார் இரைந்து தண்ணீரை வெளியே துப்பி, வடிந்தபின் நின்றது.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் பார்த்தபிறகே ஏறினாள். ஏறியதும் துடுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். "பலகையத் தொறந்துபோட்டு, அதையே பாத்துக்கிட்டு வாங்க." அந்த மழை முடியும்வரை அப்படித்தான் போய்வந்தோம். பள்ளி ஒருநாளும் பூட்டிக் கிடக்கவில்லை.

அந்த முதல் நாள் சாயங்காலம் இக்கரையில், தாம் பொருத்திய சாமான் வேலை செய்யும் அழகைப் பார்க்க மச்சான் நின்றிருந்தார். "என்ன மாப்ள, என் தங்கச்சியத் துடுப்புப் போட விட்டுட்டு நீ சொகமா வார?"

அவள் துடுப்பை அவரிடம் நீட்டினாள். "ஏறுண்ணே. ஒரு தடவ அக்கரைக்குப் போயிட்டு வருவோம்."

அவருக்கும் நீச்சல் தெரியாது.