கையைக் காட்டச் சொன்னார்கள்

இன்று எனக்கு வீடியோ காலில் இன்டர்வியூ. பெங்களூரு கம்பெனி.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகினேன். நிமிர்ந்து உட்கார வேண்டும், கேமராவைப் பார்க்க வேண்டும், கையை அசைத்துத் தைரியமாகப் பேச வேண்டும். எல்லாம் வந்துவிட்டது. கைதான் சிக்கல்.

படிப்பை முடித்ததிலிருந்து அம்மாவோடு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறேன். விரலெல்லாம் கறுத்த கறை. எலுமிச்சை, புளி, மண்ணெண்ணெய் எதற்கும் அது அசையவில்லை.

அதனால் இரண்டு கையையும் மேசைக்குக் கீழேயே வைத்துக்கொண்டேன்.

பதில்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று இன்டர்வியூ எடுத்த மேடம், "கீழே போன் வெச்சுப் பார்த்துப் படிக்கிறீங்களா? ரெண்டு கையையும் மேல காட்டுங்க" என்றார்.

காட்டினேன்.

திரையை நெருங்கி வந்து பார்த்தார். பிறகு, "ஓ, மெஹந்தியா! வீட்ல கல்யாணமா?" என்று சிரித்தார்.

"ஆமா மேடம்."

ஒரு வாரம் பழகிய தைரியம் முழுவதும் அந்த ஒரு பொய்க்குத்தான் உதவியது.

எனக்காக இன்று சோலிக்குப் போகாத அம்மா, கேமராவில் படாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் தன் கையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

மெயிலில் சொல்கிறோம் என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

"ஜீப்புக்கார அண்ணன்ட்ட நாளைக்கு ரெண்டு பேருன்னு சொல்லிறவா, ஆத்தா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லும்மா."

நாளைக் காலை மலையேறும் ஜீப்பில் என்னைப் பார்ப்பவர்கள், கல்யாணம் எப்படி நடந்தது என்று மறக்காமல் கேளுங்கள்.