வேப்பிலை கட்டிய கதவு

ஜைதூன் பீ கதவைத் தட்டினால், மந்தைவெளிச் சந்தில் முதலில் டிவி சத்தம் குறையும். பிறகு உள்ளே யாரோ இருமலை விழுங்குவது கேட்கும். அதற்கப்புறம்தான் கதவு திறக்கும், ஒரு கண் தெரிகிற அளவுக்கு.

"காய்ச்சல், இருமல், சளி யாருக்காவது?"

"ஒண்ணும் இல்ல." கதவு மூடிக்கொள்ளும்.

கொரோனா வந்த முதல் கோடை அது. அதுவரை தி.நகர் கடைப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றபோதே பேச்சும் நின்றுவிட்டது என்று அவள் கணவன் கேலி செய்வான். ஊரடங்கில் கடைகள் மூடியதும், சந்திலேயே பிறந்து வளர்ந்தவள், தெரிந்த முகம் என்று சுகாதார ஆய்வாளர் ஸ்ரீவத்சன் அவளை வீடுவீடாகக் காய்ச்சல் விசாரிக்கும் வேலைக்குச் சேர்த்தார். தெரிந்த முகமாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

"இன்னா ஜைதூனு, இன்னிக்கி எத்தினி பேர புட்ச்சி குட்த்த?" என்று குழாயடியில் தங்கம் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். "தலைக்கு எவ்ளோ தர்றாங்கோ?"

நோய் கண்ட வீட்டு வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அடிக்கச் சொல்வது இவள்தான் என்று சந்து முடிவு கட்டியிருந்தது. சாயபு வீட்டுப் பெண் என்பதையும் சிலர் குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவளும் அவர்களை நம்பவில்லை. கொடியில் காயும் கம்பளியைப் பார்ப்பாள். இந்த வெயிலில் கம்பளி எதற்கு?

அன்று குழாயடியை ஒட்டிய அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், மளிகைக்கடை நல்லசிவம் வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அவர் மனைவி புஷ்பம் ஜன்னலுக்கு வந்தாள்.

"அவுகளுக்கு அம்மை போட்டிருக்கு. நீ தள்ளியே நில்லு."

அம்மை வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. ஜைதூன் பீ தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். இரண்டு படி இறங்கியதும் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே பெருங்காய வாசனை வந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றுகிறவரை அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்களே.

இது அம்மை இல்லை. ஆனால் அதை அவள் எப்படிச் சொல்வது? அம்மனைப் பொய் என்று சொன்ன துலுக்கச்சி என்று நாளைக்குச் சந்தே திரளும். ஸ்ரீவத்சனிடம் சொல்லலாம், அவர் தகரத்தோடும் ஆட்களோடும் வருவார், பிறகு ஒரு வீடும் அவளுக்குத் திறக்காது. சொல்லாமல் விடலாம்தான். உள்ளே அந்த மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தால்?

மறுபடி ஏறினாள்.

"உள்ள வரலக்கா. அண்ணன் விரல மட்டும் ஜன்னல் வழியா நீட்டச் சொல்லுங்க. மூச்சு எப்படிக் கீதுன்னு இந்த மிஷின் காட்டும்."

"அது ரத்தத்த உறிஞ்சுதாமே?"

அவள் தன் விரலில் மாட்டிக் காட்டினாள். உள்ளே முணுமுணுப்பு நடந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. தொண்ணூற்றெட்டு. நல்ல எண்தான். ஆனால் நல்லசிவத்தின் ஆள்காட்டி விரலில், பொட்டலம் கட்டிச் சணலை இழுத்து இழுத்து ஒரு தழும்பு உண்டு. இந்த விரல் வழவழவென்று இருந்தது.

"இது உங்க பையன் சுரேஷோட விரலுக்கா."

"அம்மனையே சந்தேகப்படுதியா நீ?" புஷ்பத்தின் குரல் உயர்ந்தது. கீழே குழாயடிப் பேச்சு நின்றது.

ஜைதூன் பீ ஜன்னல் கம்பியோடு ஒட்டி நின்று, தங்கத்துக்கு எட்டாத குரலில் சொன்னாள்: "அம்மன நான் ஒண்ணும் சொல்லலக்கா. எனக்குப் போட்டப்ப எங்கம்மாவும் வேப்பிலதான் கட்னாங்க. ஆனா அப்ப எங்க வூட்ல கடுகு வெடிக்கல."

புஷ்பம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"தகரம் அடிக்க மாட்டாங்கன்னு சொல்லு. அவுகள காட்டுதேன்."

"அடிப்பாங்கக்கா. என்னால நிறுத்த முடியாது."

"ஒரு பொய்யாவது சொல்லேன், பாவி!"

உள்ளேயிருந்து துண்டுதுண்டாக ஒரு குரல் வந்தது. "ஏ புஷ்பம்... இவ ஒருத்தி... நெசம் சொல்லுதா. கைய... பிடி."

தழும்பு விரல் வெளியே வந்தது. எண்பத்துநாலு.

நூற்றெட்டு வண்டி வந்து நல்லசிவத்தை ஏற்றிப் போனதை அத்தனை ஜன்னல்களும் பார்த்தன. சாயங்காலமே தகரமும் வந்தது. புஷ்பம் உள்ளே நின்று அவளைப் பெயர் சொல்லித் திட்டினாள். மறுநாளிலிருந்து ஜைதூன் பீ பாலையும் காய்கறியையும் தகரத்துக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள். புஷ்பம் வாங்கிக்கொண்டாள், பாலை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கினாள்.

நல்லசிவம் பாதி உடம்பாகத்தான் திரும்பினார், ஆனால் நடந்தே மாடி ஏறினார். தகரத்தைக் கழற்றிய மறுநாள் ஜைதூன் பீ வழக்கம்போல் வந்து கதவைத் தட்டினாள்.

"காய்ச்சல், இருமல், சளி?"

"எங்க வீட்டுல ஒண்ணுமில்ல." புஷ்பம் கதவை மூடப் போனாள். பிறகு படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கம் வீட்டுல விடிய விடிய இருமுதாங்க. கேட்டா இல்லம்பா, விட்டுராத. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."